தட்டிவிட்டு நுழைகிறவர்

பூட்டிக் கிடக்கும் தன் சொந்த வீட்டைத் திறப்பதற்கு முன்னால் கதவை இரண்டு தட்டுத் தட்டுகிற ஒருவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். காரைக்குடி செக்காலையில், மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு அது. பழுதான மானிட்டர் ஒன்றைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நின்றேன். கணவர் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் விடுதியில். உள்ளே எலிகூட இல்லை என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டினார், கொஞ்சம் நின்றார், பிறகுதான் திறந்தார்.

"உள்ளதான் யாருமில்லையே டீச்சர்" என்றேன், மானிட்டரின் எடையில் மூச்சு வாங்கியபடி.

"இல்லன்னு நெனச்சுக்கிட்டுத்தான அண்ணே எல்லாரும் உள்ள போறோம். பாத்துட்டா போறோம்?"

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என்னையக் கேட்டுட்டா எழுதுனீக?" என்று எங்கிருந்தாவது ஒரு கார்டு வரும். அவர் டீச்சரும் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளர். தாத்தா, அப்பா, அத்தைமார், கணவர் என்று வீடு முழுக்க வாத்தியார்கள் என்பதால், பாடம் எடுக்காத இவருக்கும் அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கும் அவருக்கும் அப்போது ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்தைந்து இருக்கும். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் நான் டவுசர் போட்டிருப்பது போலவே எனக்குத் தோன்றும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மாவிலும் மலேயாவிலும் கப்பலேறிப் போய்த் தொழில் செய்த வம்சத்தில் பிறந்து, முதல் மாடியில் இருந்த பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையை ஒழுங்காக நடத்தத் தெரியாதவன் என்ற பெயரை ஒரே வருடத்தில் சம்பாதித்தவன். கம்ப்யூட்டர் சென்டர். பத்திரிகை அடிப்போம், திட்ட அறிக்கை அச்சிடுவோம், மதுரைக்குப் போன் போட்டு இணையம் காட்டுவோம். எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம் சாம்பிராணி காட்டும் இடம் எது என்பது மட்டும்தான்.

முதல் தடவை டீச்சர் கடைக்கு வந்தது, ஒரு மெஷின் செத்துப்போனபோது. வந்தவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"இதுல யார் யாரெல்லாம் உக்காருறீக?"

"எல்லாரும்தான் டீச்சர். நான், டைப் அடிக்கிற பொண்ணு, நெட் பாக்க வாரவுக."

"அது மெஷினுக்குத் தெரியுமா?"

"எது?"

"நீங்க வேற, அவுக வேறன்னு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தெரியாது அண்ணே. நீங்க உக்காந்தாலும் அது உங்களத்தான் நெனைக்கும். ரோட்டுல போறவன் ஏறி வந்து உக்காந்தாலும் உங்களத்தான் நெனைக்கும். அவன் செய்யறதெல்லாம் நீங்க செஞ்சதா எழுதிக்கிரும்."

அன்று மாலையே என் கடையில் பிரிவினை நடந்தது. தட்டச்சு வேலைக்கு ஒரு மெஷின். அதற்குத் தொலைபேசி வயர் கிடையாது, சுவரை ஒட்டி உள்ளே. இணையத்துக்கு இன்னொரு மெஷின். அது மாடிப்படி பக்கம். உள் மெஷின், வாசல் மெஷின் என்று பெயரும் வந்துவிட்டது. உள் மெஷினில் புதிதாக எதையும் ஏற்றுகிற கடவுச்சொல்லை டீச்சர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டார். எனக்குக் கொடுத்த கடவுச்சொல்லை வைத்து டைப் அடிக்கலாம், அச்செடுக்கலாம். அவ்வளவுதான்.

"நான் முதலாளி டீச்சர்."

"அதுக்குத்தான் பயமே."

யாரையும் அவர் மோசமானவர் என்று நினைத்ததில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் அவரைச் சந்தேகப் பிராணி என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் நூறு விளையாட்டுகள் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். டீச்சர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பத்து நிமிடம் விசாரித்தார், படி இறங்கும்வரை வழியனுப்பினார். திரும்பி வந்து, குறுந்தகட்டின் நடு ஓட்டையில் நூல் கோத்து என் ஸ்கூட்டருக்குப் பின்னால் கட்டிவிட்டார்.

"வெளிச்சம் பட்டா மின்னும். பின்னாடி வாரவனுக்கு நல்லது."

"நல்ல மனுசன்னு நீங்களே சொன்னீக."

"அவரு நல்ல மனுசன். அவருக்கு இதக் கொடுத்தவன் யாரு? அவனுக்குக் கொடுத்தவன்?"

தொண்ணூறுகளின் கடைசியில், சிங்கப்பூரிலிருந்து வந்த என் சித்தப்பச்சி, அதாவது சித்தப்பா, கம்ப்யூட்டரில் ஏற்றுகிற மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவரைக்கும் கம்ப்யூட்டரின் ஆதார மென்பொருள் ஒன்று, இணையம் பார்க்கிற உலாவி வேறு ஒன்று. இந்தப் பதிப்பில் இரண்டையும் ஒன்றாகப் பின்னியிருந்தார்கள். நம் சொந்தக் கோப்புகளைத் திறந்தாலும் இணையப் பக்கம் போல விரியும். திரையின் பின்னணியில் வெளிநாட்டுச் செய்தி ஓடும். மின்னஞ்சலை நாம் திறக்க வேண்டியதே இல்லை. பெயர் மேல் வந்து நின்றாலே கீழே தானாக, படம் எழுத்து எல்லாவற்றோடும், விரிந்து காட்டும். நான் மயங்கிப்போனேன். டீச்சர் வருவதற்கு முன்பே வாசல் மெஷினில் ஏற்றிவிட்டேன். அதற்குக் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது.

டீச்சர் வந்து நெடுநேரம் பார்த்தார். ஒரு கோப்புறையைத் திறந்தார். அதே சன்னலிலேயே ஓர் இணைய முகவரியைத் தட்டினார். அதுவும் திறந்தது.

"அண்ணே, இதுல வீடு எங்க முடியுது, ரோடு எங்க ஆரம்பிக்குது?"

"அதான் டீச்சர் அழகு. நடுவுல கோடே இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அமெரிக்காவில் அதைப் பற்றி வழக்கு நடப்பதாக ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்தது. உலாவியைத் தனியாகக் கழற்ற முடியாது, கழற்றினால் மொத்தமும் நின்றுவிடும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. டீச்சர் அந்தத் துண்டை வெட்டிக் கைப்பைக்குள் வைத்திருந்தார்; பஸ்ஸில் போகும்போது எடுத்து எடுத்துப் படிப்பார். அந்த வழக்கில் இருந்த வியாபாரப் போட்டியைப் பற்றி அவருக்கு ஓர் அக்கறையும் இல்லை. "கழட்ட முடியாதுன்னு பெருமையாச் சொல்றாக அண்ணே. விருந்தாளியா வந்தவர வெளிய அனுப்புனா வீடு இடிஞ்சு விழுந்துரும்னா, அந்த வீட்டக் கட்டுன கொத்தனார என்னான்னு சொல்றது?"

"நமக்கு வசதியா இருக்குல்ல டீச்சர்."

"நமக்கு வசதின்னா அவனுக்கும் வசதிதான."

அவன் யார் என்று கடைசிவரை சொன்னதில்லை. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் அவன் எந்த வழியாக வருவான் என்பது தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல், கடையில் யாருமில்லாத நேரம், டீச்சர் என்னை வாசல் மெஷின் முன்னால் உட்கார வைத்து ஒரு முகவரியைச் சொல்லித் தட்டச் சொன்னார். வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. "எதையும் தொடாதீக. சும்மா பாருங்க" என்றார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் ஒவ்வொரு வரியாக எழுத்து வரத் தொடங்கியது. கடிதம். கடிதம் இரண்டு. ரசீது. கவிதை கடைசி. கவிதை மிகக் கடைசி. என் சொந்தக் கோப்புகளின் பெயர்கள். கடையில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒளித்துவைத்திருந்த கோப்புறைக்குள் இருந்தவை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எப்படி டீச்சர்?"

"பக்கத்த மட்டுந்தான் நான் எழுதுனேன். மீதி எல்லாம் உங்க மெஷினே செஞ்சது. வந்தவன் ரோட்டுக்காரனா வீட்டுக்காரனான்னு அதுக்குத் தெரியல."

"படிச்சுட்டீகளா?"

"பேர மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தேன். ஆனா படிச்சிருக்கலாம்."

காரைக்குடியில், விசிறி ஓடாத லேபில், புத்தகமோ சொல்லித்தர ஆளோ இல்லாமல், ஓர் உலகக் கம்பெனியின் சுவரைக் கையால் தடவித் தடவி, செங்கல் ஆடுகிற இடத்தை அவர் கண்டுபிடித்திருந்தார். அடுத்து என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை. நான்கு பக்கத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, ஏர்மெயிலில் அந்தக் கம்பெனிக்கே அனுப்பினார். பதில் வரவில்லை. சில மாதம் கழித்து வந்த ஒரு திருத்தத்தை ஏற்றியபோது, அதே பக்கம் எதையும் எழுதாமல் வெள்ளையாகவே நின்றது. அவர் கடிதத்தால்தானா என்பது தெரியாது. நான் கொதித்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை போடக் கூடாதா என்றேன். டீச்சர் அந்த வெள்ளைப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அடச்சுட்டாகல்ல. அது போதும்" என்றார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை நான் கோயில் குடமுழுக்குகளில்கூடப் பார்த்ததில்லை.

அவருக்கு எங்கள் வீடு பிடிக்கும். எங்களுடையது பங்கு வீடு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. எங்கள் வீட்டில் இருபத்திரண்டு புள்ளி. நடுவில் வளவு, அதாவது பெரிய முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும், எல்லாருக்கும் பொது. அதைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளிக்கு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. பாதிப் பேர் வெளிநாட்டில். வருடக்கணக்கில் திறக்காத அறைகள் உண்டு. பக்கத்து அறைக்காரர் சொந்த அண்ணனாக இருந்தாலும் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவார். டெலிபோன் வயர் பார்க்க வந்த டீச்சர், வளவில் நின்று அந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒருத்தரும் ஒருத்தர் ரூமுக்குள்ள போக மாட்டீகளா?"

"கூப்பிடாமப் போக மாட்டோம்."

"ஆனா சண்ட கிண்ட இல்லையே?"

"ஏகப்பட்ட சண்டை. ஆனா அது வளவுல."

"இத வரைஞ்சு அந்தக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கணும்" என்றார். "நான் நாலு பக்கம் எழுதிக்கிட்டிருந்தேன்."

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு புள்ளிக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்படுத்தினேன். வளவு பொது என்றால் மின்னஞ்சலும் பொதுதானே என்பது என் தர்க்கம். அந்த வருடம் முன்னோர்களுக்கு நடந்த படைப்பின் அழைப்பிதழிலேயே அச்சிட்டோம். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், சென்னை, கலிபோர்னியா என்று பங்காளிகள் எல்லாருடைய முகவரியும் என் வாசல் மெஷினில் ஒரே பட்டியலில் ஏறியது. குடும்பத்தில் முதல்முறையாக என்னைப் பாராட்டினார்கள். வளவை மட்டும் கட்டிவிட்டு, அறை கட்ட மறந்துவிட்டேன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு ஆச்சி இருந்தார். ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைக்க வேண்டாம்; அவருக்கு அப்போது முப்பத்தொன்பது. என் பெரியப்பச்சி மகனின் மனைவி. அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத புள்ளி அற்றுப்போகாமல் இருக்க, எங்களில் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். அது தத்துதான். ஆனால் முடிவாகும்வரை மூச்சுவிடக் கூடாத சமாச்சாரம். யார் வீட்டுப் பையனைக் கேட்டார்கள், யார் வீட்டுப் பையனைக் கேட்கவில்லை, கேட்ட இடத்தில் என்ன சொன்னார்கள் என்பது வெளியே வந்தால், மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. கேட்ட பெண்ணின் நிலைமை அதைவிட மோசம். அப்புறம் யாரும் பையன் கொடுக்க மாட்டார்கள்.

ஆச்சி ஈப்போ பங்காளி வீட்டு இரண்டாவது பையனைக் கேட்டு எழுத முடிவு செய்தார். தபாலில் போட்டால் பதில் வரும்போது வெளிநாட்டு ஸ்டாம்பை வளவே பார்க்கும். அதனால் என் கடைக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன் தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர். மூன்று பிற்பகல் உள் மெஷினில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல், தானே அடித்தார். கோப்புக்குச் சமையல் குறிப்பு என்று பெயர் வைத்தார்.

"தம்பி, சனிக்கிழம டீச்சர் வந்து அனுப்பட்டும். ஈப்போக்காரக சொந்த முகவரிக்கு. நீங்க தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை டீச்சர் வரச் சற்று நேரமானது. நான் அந்தக் கோப்பைப் பிளாப்பியில் எடுத்து வாசல் மெஷினுக்குக் கொண்டுபோனேன். அவருக்கு வேலை குறையட்டுமே என்று. பிறகு, எழுத்துரு சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். அது சரியாகத்தான் விழுந்திருந்தது. நான் இரண்டு பக்கத்தையும் கடைசிவரை படித்தேன்.

ஆச்சி எதையும் மறைக்கவில்லை. ஏன் மற்றவர்கள் வீட்டுப் பையன்கள் வேண்டாம் என்று ஒவ்வொருவராக எழுதியிருந்தார். சென்னைச் சித்தப்பச்சியின் மகன் சோம்பேறி. கலிபோர்னியாக்காரர் பையன் தமிழ் பேசமாட்டான், தன்னோடு பேச ஆள் வேண்டும். என் தம்பி மகனைப் பற்றி: "நல்ல பிள்ளை. ஆனால் பெரியப்பச்சியைப் பார்த்து இவனும் கடை வைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது." அந்தப் பெரியப்பச்சி நான்தான். இரண்டாம் பக்கத்தில், இத்தனை பேர் இருக்கிற வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் தான் என்ன செய்கிறேன் என்று நான்கு வரி இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன்.

கோப்பை மூடினேன். கை சும்மா இருக்காமல் மதுரைக்கு இணைப்புப் போட்டேன். பினாங்குப் பங்காளியிடமிருந்து ஒரு வாழ்த்து வந்து விழுந்தது. நான் திறக்கவில்லை; அதுவே கீழே விரிந்தது. மெஷினின் சின்ன விளக்கு பொரி பொரிவது போலச் சிமிட்டியது. அனுப்ப வேண்டிய கடிதங்கள் என்ற இடத்தில் ஐம்பது என்று எண் வந்தது. நான் எழுதாமலே ஐம்பது கடிதம் எழுதப்பட்டிருந்தது. எழுத்தாளனாக ஆசைப்பட்டவனுக்கு அரை நொடி பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் ஒவ்வொன்றோடும் இணைத்திருந்த கோப்பின் பெயரைப் படித்தேன். சமையல் குறிப்பு. நான் கடைசியாகத் திறந்த கோப்பு.

ஐம்பதில் ஒன்று அனுப்பப்படுகிறது என்றது திரை. பிறகு இரண்டு. எங்கே அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று. நான் திரையைக் கையால் மறைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் மறைத்தேன்.

மாடிப்படி ஏறி வந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். டெலிபோன் வயரைப் பிடித்து இழுத்தார். சுவரிலிருந்து டப்பாவோடு வந்தது.

"எத்தன போச்சு?"

"நாலு."

"யாருக்கு?"

போன கடிதங்களின் பட்டியலைப் பார்த்தேன். நான்கு பெயர்களில் ஒன்றுகூட எங்கள் வீட்டுப் பெயராக இல்லை. ஏஏ ஒன்று, ஏஏ இரண்டு, ஏஏ மூன்று, ஏஏ நான்கு என்று இருந்தது.

"யாரு டீச்சர் இவுக?"

"நான்தான்" என்றார், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து. "உங்க முகவரிப் பட்டியல்ல மேல பத்துப் பேரு போட்டு வச்சேன். பத்தும் லேபுல இருக்கற என் மெயில் பொட்டிக்கு வரும். எந்த வைரஸ் பூச்சி வந்தாலும் பட்டியல்ல மேல இருந்துதான ஆரம்பிக்கும். மெஷின் தானா எழுத ஆரம்பிச்சா மொதல்ல எனக்கு எழுதட்டும்னு பாத்தேன்."

எத்தனையோ மாதமாக அந்தப் பத்துப் பெயர்கள் என் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. பதினோராவது பெயரைப் பார்த்தேன். சென்னைச் சித்தப்பச்சி. சோம்பேறியின் தகப்பனார்.

"அப்ப ஒண்ணும் ஆகல" என்றேன்.

"நாலு போயிருக்கு அண்ணே."

"உங்களுக்குத்தான டீச்சர்."

"ஆச்சிக்கு நான் யாரு?"

"ஆச்சிக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டாக."

"தாங்குறதும் தாங்காததும் அவுக பாடு. போனது அவுக கடுதாசி. சொல்லணும்." மீதி நாற்பத்தாறையும் அழித்துவிட்டு, எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். "நீங்களும் வாங்க."

ஆச்சியின் அறை வாசலில், படிக்கு வெளியே நின்று, டீச்சர் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னார். ஆச்சி நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உள் மெஷின்ல இருந்தது எப்படி வெளிய வந்துச்சு?"

டீச்சர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"நான்தான் ஆச்சி. எழுத்து சரியா விழுதான்னு..."

"படிச்சீகளா?"

"ஒரு பார்வ..."

"படிச்சீகளா தம்பி?"

"படிச்சேன்."

ஆச்சி என்னை விட்டுவிட்டு டீச்சரிடம் திரும்பினார். "நீங்க?"

"இல்ல. ஆனா நான் சொல்றத வச்சு நீங்க நம்ப வேணாம். இப்ப பாலிடெக்னிக்குக்கு வாங்க. உங்க கையாலேயே அழிச்சிருங்க."

பஸ் ஏறிப் போனோம். லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றினோம். டீச்சர் தன் பெட்டியைத் திறந்து, எழுந்து, ஆச்சியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். திரையில் நான்கு வரிகள், தடித்த எழுத்தில்.

"தடிப்பா இருந்தா இன்னும் தொறக்கலன்னு அர்த்தம்" என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன், ஏதாவது உபயோகமாக இருக்கலாமே என்று.

ஆச்சி திரும்பாமல் கேட்டார்: "தொறந்து படிச்சுட்டு மறுபடி தடிப்பாக்க முடியுமா டீச்சர்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆச்சியும் அதைத்தான் கேட்க விரும்பினார்.

"முடியும்" என்றார் டீச்சர். "எப்படின்னு எனக்குத் தெரியும். அதனால அத வச்சும் நம்பாதீக."

உலகத்தில் யாரையும் எதையும் விசாரிக்காமல் உள்ளே விடாத மனுஷி, தன்னையும் அந்த வரிசையிலேயே நிறுத்திவிட்டு, கை கட்டி நின்றார். நான் நிறைய மகான்களைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆச்சி ஒன்றை அழித்தார். இரண்டாவதை, மூன்றாவதை அழித்தார். நான்காவதில் விரல் நின்றது.

"இதப் படிங்க டீச்சர்" என்றார். "எழுதுனது சரியா தப்பான்னு கேக்க எனக்கு அந்த வீட்டுல ஆள் இல்ல."

"நெசமாவா சொல்றீக?"

"படிங்க." பிறகு என் பக்கம் பார்த்தார். "தம்பி, கதவச் சாத்திட்டு வெளிய இருங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். டீச்சர் குனிந்து, அவசரமில்லாமல் படித்தார். ஆச்சி திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்து ஏதோ சொன்னார். ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அழிக்கும் விசையை அமுக்கினார். நெடுநேரம் அமுக்கிக்கொண்டே இருந்தார். எந்த வரிகள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றிய வரி என்று நம்ப ஆசைதான். ஆனால் விரல் இருந்தது இரண்டாம் பக்கத்தில்.

கடிதம் அங்கிருந்தே ஈப்போவுக்குப் போனது. தை மாதம் பையன் வந்தான். இருபத்திரண்டு புள்ளியும் கூடிச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் எப்படி முடித்தாய் என்று எல்லாரும் ஆச்சியைக் கேட்க, அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "தம்பி கடையிலதான் அடிச்சேன்."

அடுத்த வாரம் ஐந்து பேர் என் கடைப் படியேறி வந்தார்கள், ரகசியமாகக் கடிதம் அடிக்க. எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர், அன்று பிய்ந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருந்த டெலிபோன் டப்பாவைச் சுவரில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏத்துக்கிறலாம்ல டீச்சர்?"

"ஏத்துக்கங்க. ஆனா இதுக்கு முன்னாடி ஒருத்தர் கடுதாசிய நீங்க தொறந்து படிச்சத மொதல்ல அவுகட்டச் சொல்லிருங்க. அப்பறம் உக்காரட்டும்."

சொன்னேன். என் வாழ்க்கையின் மிக நீளமான ஒரு நிமிடம் அது. மூன்று பேர் படி இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர், "எந்த மெஷின்?" என்று கேட்டார்.

உள் மெஷினைக் காட்டிவிட்டு, நான் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.